பிள்ளை சுமக்கும் மீன்



இன்று உங்களிடம் ஒரு மீனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வண்ணமும் வனப்பும் உடைய மீன் அன்று. வஞ்சிரத்தைப் போல விருந்து இலையில் முன்னிடம் பெறும் மீனும் அன்று. செதிலே இல்லாத வழவழப்பான உடல், தட்டையாக அகன்ற தலை, தலையின் கீழ்ப்புறமாக அமைந்த வாய், அந்த வாயைச் சுற்றிப் பூனைக்கு உள்ளது போன்ற மீசை. மீன் அங்காடிக்குச் சென்று பழகியவர்கள் இதற்குள் பெயரைச் சொல்லியிருப்பீர்கள். ஆம், கெளுத்திதான், கடற்கெளுத்தி. கெளிறு என்றும் இதனைச் சொல்வர்.

'தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க' என்பது ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதற்பாடமாகக் கற்பிக்கப்பட்ட நெறி. அந்நெறிப்படியே தொடங்குகிறேன். உள்நாட்டு ஊர்களில் உள்ள நீங்கள் ஆற்றிலும் ஏரியிலும் உள்ள கெளுத்தியைக் கண்டிருப்பீர்கள். கடற்கெளுத்தி அதற்கு உறவு. ஆனால் உடன்பிறப்பு அன்று. விலங்கியலார் அதனை வேறு குடும்பத்தில் வைத்திருக்கின்றனர். அக்குடும்பத்துக்கு ஏரிடே என்று பெயர். பழைய நூல்களைப் புரட்டினால் டாக்கிசூரஸ் என்று காண்பீர்கள். பிற்கால நூல்களில் ஏரியஸ் என்றும், இன்னும் வேறு பெயர்களும் காண்பீர்கள். அறிஞர்கள் பெயரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். மீன் மட்டும் தன் போக்கை மாற்றிக்கொள்ளவில்லை.

கெளுத்தி எங்கே வாழ்கிறது? கடல் என்றவுடன் நம் கண்முன் நிற்பது நீலமும் அலையும். கெளுத்திக்குக் கடல் என்றால் அதன் அடித்தளம்தான், அதிலும் சேற்றுத்தளம். நம் சோழமண்டலக் கரையில் கொள்ளிடமும் வெள்ளாறும் காவிரியின் எண்ணற்ற கிளைகளும் கடலில் கலக்கின்றன. ஒவ்வொரு வெள்ளப் பெருக்கிலும் அவை வயல் வண்டலையும், உதிர்ந்த இலையையும், மக்கிய வைக்கோலையும் கொண்டுபோய்க் கடலின் அடியில் பரப்புகின்றன. கரைக்காரர்கள் அதனைச் சேறு என்பார்கள். உண்மையில் அது ஒரு விளைநிலம். மக்கிய பொருளை நுண்ணுயிர்கள் உண்கின்றன. நுண்ணுயிர்களைப் புழுக்களும் சிறு கிளிஞ்சல்களும் உண்கின்றன. அவற்றை நண்டும் இறாலும் தேடி வருகின்றன. இவை அனைத்தையும் தேடிக் கெளுத்தி வருகிறது. கெளுத்தி இனங்களுள் சில கழிமுகங்களுக்குள்ளும் உப்பங்கழிகளுக்குள்ளும் நுழைந்து, உவர்நீரிலும் வாழும்.

இந்தச் சேற்றுநிலத்தில் ஒரு குறை உண்டு. அங்கே வெளிச்சம் இல்லை. அடியிலுள்ள வண்டல் கிளறப்பட்டால் நீர் கலங்கிக் கஞ்சியைப் போல் ஆகிவிடும். அங்கே கண்ணை நம்பி இரை தேடுவது நடவாத காரியம். அதற்குத்தான் மீசை. மீசை என்று நாம் கேலியாகச் சொல்கிறோமே தவிர, அது மயிர் அன்று. சதையால் ஆன உணர்விழை. மேலுதட்டின் பக்கத்தில் ஓர் இணை, தாடையின் கீழே இரண்டு இணை என்று பெரும்பாலான இனங்களில் ஆறு இழைகள் இருக்கும். நம் நாவில் உள்ளவை போன்ற சுவை மொட்டுகள் அவ்விழைகளில் நிறைந்திருக்கின்றன. தோலிலுங்கூடச் சுவை மொட்டுகள் உண்டு. நாம் நாவால் சுவைக்கிறோம். கெளுத்தி உடலாற் சுவைக்கிறது. சேற்றின்மேல் இழைகளைத் தடவிக்கொண்டு செல்லும்போதே, உள்ளே புழு இருக்கிறதா, நண்டுக் குஞ்சு இருக்கிறதா என்பது அதற்குத் தெரிந்துவிடும். உடனே வாயைக் குனிந்து சேற்றோடு சேர்த்து அள்ளும். ஆகவேதான் கெளுத்தியின் குடலை அறுத்துப் பார்த்தால், புழு, இறால், நண்டு, கிளிஞ்சல் ஆகியவற்றோடு ஒரு பிடி சேறும் இருக்கும். இந்தக் குடற் செய்தியைச் சற்று நினைவில் வைத்திருங்கள். பின்னால் அது நமக்குப் பயன்படும்.

செவியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1820-ஆம் ஆண்டில் வெபர் என்னும் ஜெர்மானிய அறிஞர், கெளுத்தி, கெண்டை முதலிய மீன்களில், வயிற்றிலுள்ள காற்றுப்பைக்கும் உட்செவிக்கும் இடையே சின்னஞ்சிறு எலும்புகள் சங்கிலி போல் கோக்கப்பட்டிருப்பதைக் கண்டார். நீரில் எழும் ஓசை காற்றுப்பையை அதிரச் செய்ய, அவ்வதிர்வை அவ்வெலும்புகள் செவிக்குக் கடத்துகின்றன. நம் செவியிலும் மூன்று சிற்றெலும்புகள் உள அல்லவா? வெபர் அவற்றின் பெயர்களையே மீனின் எலும்புகளுக்கும் இட்டார். கெளுத்தி கேட்பதோடு நில்லாமல் பேசவும் செய்கிறது. காற்றுப்பையோடு இணைந்த மெல்லிய எலும்புத் தகட்டைத் தசைகள் விரைந்து இழுத்துவிட, பை முழவு போல் அதிர்கிறது. வலையிலிருந்து எடுத்த கெளுத்தி 'கர், கர்' என்று முனகுவதைக் கரையில் நின்றவர்கள் கேட்டிருப்பார்கள்.

அதன் தலைக்குள் மொச்சைக் கொட்டை போன்ற செவிக்கல் இரண்டு இருக்கும். உலர்ந்த மண்டையோட்டை ஆட்டினால் அவை கலகலக்கும். தென் அமெரிக்கக் கரைகளில் அம்மண்டையோட்டின் அடிப்புறத்தில் சிலுவை வடிவத்தைக் கண்டு, மக்கள் அதனைப் போற்றி வைத்துக்கொள்வதுண்டு.

அழகில்லாத இம்மீனுக்குப் படைக்கலம் மட்டும் குறைவில்லை. முதுகில் ஒன்று, இரு பக்கத்துத் துடுப்புகளில் ஒவ்வொன்று என மூன்று முட்கள்; அரம் போன்ற பற்கள் உடையவை; நஞ்சும் உடையவை. அச்சமுற்றால் அம்முட்களை நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளும். பிறகு எவராலும் எளிதில் மடக்க முடியாது. வலையிலிருந்து கெளுத்தியை எடுக்கும் மீனவர் முதலில் முள்ளை ஒடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பர். கடற்கரையில் விளையாடும் பிள்ளைகள், செத்துக் கிடக்கும் கெளுத்தியைக்கூட வெறுங்காலால் மிதிக்கலாகாது. முள் தைத்துவிட்டால், தாங்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் அவ்விடத்தை ஊறவைத்தல் நன்று. அந்நஞ்சு வெப்பத்தால் சிதையும் தன்மையது. அதன்பின் மருத்துவரிடம் செல்ல வேண்டும். முள்ளின் துணுக்கு உள்ளே தங்கிப் புண்ணாவது உண்டு.

இனி, என் தோல்வியைச் சொல்கிறேன்.

1984-ஆம் ஆண்டில், நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடலோரச் சிற்றூரில் நான் அறிவியல் ஆசிரியனாக இருந்தேன். அப்பொழுது எனக்கு இருபத்தைந்து வயது. நான் உள்நாட்டில் பிறந்தவன்; கடலைப் பாடநூலில் கண்டவன். ஒருநாள் விடியற்காலையில் கரையில் நடந்துகொண்டிருந்தபோது, கட்டுமரத்திலிருந்து இறக்கிய மீன்களுக்கிடையே ஒரு பெரிய கெளுத்தியைக் கண்டேன். அதன் வாய் பிளந்திருந்தது. உள்ளே கோலிக்குண்டு போன்ற மஞ்சள் நிற உருண்டைகள் நிறைந்திருந்தன. அவை மீன் முட்டைகள் என்று அருகிலிருந்த அம்மையார் சொன்னார். அன்றே எட்டாம் வகுப்பில் அதனைப் பாடமாக்கினேன். "பசி வந்தால் தன் இனத்தின் முட்டையையே தின்னும் மீனும் உண்டு" என்று, கண்ணால் கண்டவன் என்ற மிடுக்கோடு சொன்னேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். மீனவர் வீட்டுப் பிள்ளை. "இல்லீங்க சார், அது திங்கல. அப்பன் மீனு வாயில வச்சுப் புள்ளையக் காக்குது" என்றான்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அவன் விடவில்லை. "கொடல அறுத்துப் பாருங்க சார், ஒண்ணும் இருக்காது" என்றான். நான் அவனை அந்த மணி முடியும்வரை நிற்கவைத்தேன்.

ஆசிரியப் பயிற்சியில் நான் கற்ற நெறி அன்று எங்கே போயிற்று? அவனுக்குத் தெரிந்ததிலிருந்து எனக்குத் தெரியாததற்கு நான் சென்றிருக்க வேண்டும். அதைவிட, அவன் சொன்னது வெறும் கதை அன்று. சோதித்துப் பார்ப்பதற்குரிய சான்றையும் சேர்த்துச் சொன்னான். முட்டையைத் தின்னும் மீனாயின் குடலில் முட்டை இருக்க வேண்டும்; குடல் காலியாயிருந்தால் தின்னவில்லை என்பது பெறப்படும். நான் ஆண்டு முழுவதும் கற்பிக்க முயன்ற அறிவியல் முறையே அதுதான். அதனை ஒரு சிறுவன் இரண்டே வாக்கியத்தில் சொன்னான்; நான் அவனை நிற்கவைத்தேன்.

கோடை விடுமுறையில் ஒரு நூலகத்தில் மீன்களைப் பற்றிய நூல்களைத் தேடிப் படித்தேன். பையன் சொன்னது ஓர் எழுத்தும் பிசகவில்லை. இச்செய்தி புதியதுமன்று. 1860-களிலேயே இலங்கைக் கெளுத்தி ஒன்றின் வாயில் முட்டைகள் இருந்ததை டர்னர் என்னும் உடற்கூற்றறிஞர் எழுதிவிட்டார். கரையில் உள்ளவர்கள் அதற்கும் எவ்வளவோ தலைமுறைக்கு முன்பே அறிந்திருப்பார்கள்.

அன்று நான் கற்றதையும் பின்னர்க் கற்றதையும் சேர்த்துச் சொல்கிறேன், கேளுங்கள். இனப்பெருக்கக் காலத்தில் பெண் கெளுத்தியின் அடிவயிற்றுத் துடுப்புகள் தடித்துச் சதைப்பற்றுடன் அகன்றுவிடும். பெண் இடும் முட்டைகள் மிகப் பெரியவை. ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டரும் அதற்கு மேலும் குறுக்களவு உடையது. எலும்பு மீன்களின் முட்டைகளுள் இவ்வளவு பெரியவை அரிது. பொரியும் குஞ்சுக்குப் பல நாளைக்குப் போதுமான மஞ்சட்கரு அதற்குள் கட்டுச்சோறாக இருக்கிறது. அம்முட்டைகளை ஆண் மீன் தன் வாயில் ஏற்றுக்கொள்கிறது.

தாய் அன்று, தந்தை, இதனைக் கவனியுங்கள். அதன் வாயின் அடித்தோல் பை போல் தொங்கி இடங்கொடுக்கிறது. மூச்சுக்காக அது நீரை உள்ளே இழுத்துச் செவுள் வழியே வெளியேற்றுந்தோறும் புதுநீர் முட்டைகளின்மேல் ஓடுகிறது. அம்முட்டைகளைக் கடலடியில் இட்டிருந்தால் என்ன ஆகும்? அவ்வளவு பெரிய முட்டை சேற்றில் புதைந்தால் உயிர்க்காற்றின்றி அழுகிவிடும். சேற்றில் வாழத் துணிந்த மீன் தன் பிள்ளைகளைச் சேற்றில் விடாமைக்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முட்டை பொரிந்த பிறகும் வேலை முடியவில்லை. குஞ்சு வயிற்றில் மஞ்சட்கருப் பையைத் தூக்கிக்கொண்டுதான் வெளிவரும். அப்பை கரைந்து, இரண்டு மூன்று விரற்கடை நீளமுள்ள முழு மீனாக ஆகும்வரை அது தந்தையின் வாயிலேயே தங்கும். இவ்வாறு ஏறக்குறைய இரண்டு மாதம் செல்வதுண்டு. அவ்வளவு நாளும் ஆண் மீன் உண்பதில்லை. வாய் நிறையப் பிள்ளைகள் இருக்க, இரையை எவ்வழியாக உள்ளே விடுவது? பிள்ளை சுமக்கும் ஆண் மீனின் உடல் மெலிந்திருக்கும். இரைப்பை சுருங்கிக் கிடக்கும். "கொடல அறுத்துப் பாருங்க சார்."

விரால் தன் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காப்பதை ஏரிக்கரையில் நீங்கள் கண்டிருக்கலாம். கெளுத்தியின் காவல் அதனினும் நெருக்கமானது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. வாய் எவ்வளவு பெரிதானாலும் வாய்தானே! சாளை மீன் பல்லாயிரம் முட்டைகளை நீரில் இறைத்துவிட்டுப் போய்விடும். ஆயிரத்தில் ஒன்று பிழைத்தாலும் அதன் குலம் நிற்கும். கெளுத்தியோ இனத்துக்கும் உருவத்துக்கும் ஏற்பச் சில பத்து முட்டைகளே இடும். மிகுந்தால் நூறு, நூற்றைம்பது. சிலவற்றையே பெற்று, அவற்றை உயிரைப்போல் காப்பது அதன் வாழ்க்கைக் கணக்கு. அக்கணக்கில் காவலன் ஒருவன் அழிந்தால் ஒரு குடும்பம் முழுதும் அழியும்.

அக்கணக்கு ஒருமுறை எவ்வாறு பொய்த்தது என்பதை அறிய, நம் கரையை விட்டு மேற்குக் கரைக்குச் செல்ல வேண்டும். 1970-களின் பிற்பகுதியில் கர்நாடகக் கரையில் சுருக்குமடி வலை பரவியது. மீன் கூட்டத்தைச் சுற்றி வட்டமாக வலையை விட்டு, அடிக்கயிற்றை இழுத்துப் பையின் வாயைச் சுருக்குவது போலச் சுருக்கிவிடும் வலை அது. கூட்டத்தில் பெரும்பகுதி அதில் அகப்பட்டுவிடும். சாளைக்கும் அயிலைக்கும் என்று வந்த வலை கெளுத்திக் கூட்டங்களின்மேலும் விழுந்தது. பிள்ளை சுமக்கும் ஆண் மீன்களோ அக்காலத்தில் திரளாகச் சேர்ந்து திரியும். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் மங்களூர்ப் பக்கத்தில் இறங்கிய மீனைச் சோதித்தபோது, வந்தவை பெரும்பாலும் வாயில் முட்டையும் குஞ்சும் உடைய ஆண்களே என்று கண்டனர். நெருக்குண்ட கெளுத்தி வாயிலுள்ளதைத் துப்பிவிடும். படகின் தளத்திலும் கரையிலும் முட்டைகளும் குஞ்சுகளும் குவிந்தன. அவற்றை வாரிக் கடலில் போட்டாலும் பயனில்லை. தந்தையின் வாய்க்கு வெளியே அவற்றுக்கு வாழ்வில்லை. இதனைத் தடுக்க வேண்டுமென்று அவ்வறிஞர்கள் 1980-களின் தொடக்கத்திலேயே எழுதினார்கள். சில ஆண்டுகள் வலை நிறைந்தது. பின்னர் அக்கரையில் கெளுத்தி வரத்து வீழ்ந்தது.

நம் மாநிலத்தில் 1983-ஆம் ஆண்டின் கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி, விசைப்படகுகள் கரையை ஒட்டிய கடற்பகுதியில் மீன்பிடித்தல் கூடாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளின் மீன்பிடிப்புக்குத் தடை உண்டு. 2017-க்கு முன் அது 45 நாட்களாக இருந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் கெளுத்தி இனங்கள் எல்லாம் ஒரே மாதத்தில் இனம் பெருக்குவதில்லை. இரண்டு மாதம் வாயைக் கட்டிக்கொண்டு திரியும் மீனுக்கு, அந்த இரண்டு மாதம் நாட்காட்டியில் எங்கே விழுகிறது என்பதில்தான் பிழைப்பு இருக்கிறது. தளத்தை அரித்துச் செல்லும் இழுவை மடிக்கு எது பிள்ளை சுமப்பது, எது சுமவாதது என்று தெரியாது.

அந்தப் பையனைப் பற்றிக் கேட்க விரும்புவீர்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. தந்தையோடு கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டான் என்றார்கள். மாலையில் கரைக்குச் சென்று காத்திருந்தேன். கட்டுமரம் வந்தது. அவன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். "தம்பி, நீ சொன்னதுதான் சரி, புத்தகத்தில் பார்த்தேன்" என்றேன். அவன் என்னை ஒரு கணம் பார்த்தான். "தெரியுங்க சார்" என்றான். எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் பள்ளிக்கு மட்டும் திரும்பவில்லை. வகுப்பில் நடந்தது அதற்கு ஒரு காரணமா என்று நான் அவனைக் கேட்டதில்லை. கேட்கத் துணிவு வந்ததில்லை.

பணி ஓய்வு பெற்ற பின்னர் ஒருமுறை அவ்வூருக்குச் சென்றேன். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையைக் கண்ட ஊர் அது. நான் குடியிருந்த தெருவே இல்லை. அவர் இருந்தார். ஐம்பது வயதை எட்டிக்கொண்டிருந்தார், தலை நரைத்திருந்தது. கண்ணாடியிழைப் படகு ஒன்று வைத்திருந்தார். நீண்ட கயிற்றில் நூற்றுக்கணக்கான முட்களைக் கட்டி இரையிட்டு, இரவில் கடலடியில் விடும் தூண்டில் தொழில் செய்துகொண்டிருந்தார். என்னை அமரவைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். பேச்சு கெளுத்தியில் வந்து நின்றது. "முன்பு போல வாய் நிறைந்த கெளுத்தியைப் பார்க்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"மடியில போறவங்களுக்கு வரும் சார். எனக்கு வராது" என்றார்.

ஏன் என்று கேட்டேன். இத்தனை ஆண்டுகளாகியும், விடை தெரியாத மாணவனைப் போலத்தான் அவர் முன் உட்கார்ந்திருந்தேன்.

அவர் சிரித்தார். "புள்ள சுமக்குறவன் தூண்டில்ல ஏறமாட்டான் சார். அவன்தான் திங்கிறதே இல்லையே."